வெளிநாட்டில் ஆட்டோ ஏறுவதற்கு முன்

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்திலிருந்து அணைக்குப் போவதற்கே வாடகையைப் பேசி முடித்துவிட்டு ஆட்டோவில் ஏறும் நம் ஊர்க்காரர்கள், பெங்களூரில் விமானம் ஏறிப் பாங்காக்கில் இறங்கியதும் அந்த நல்ல பழக்கத்தை ஏனோ மறந்துவிடுகிறார்கள். அங்கு 'துக் துக்' எனப்படும் மூன்று சக்கர வண்டிகளில் மீட்டர் கிடையாது என்பதால், தொகையைக் கைப்பேசியில் தட்டிக் காட்டி, அது ஆளுக்கா, வண்டிக்கா என்பதையும் உறுதி செய்துகொண்ட பிறகே ஏற வேண்டும். அதே தூரத்துக்கு, வாடகை வண்டி அழைக்கும் கிராப் செயலி காட்டும் கார் கட்டணத்தை முன்கூட்டியே பார்த்து வைத்தால், பேரத்தை எங்கே நிறுத்துவது என்பது விளங்கும்.

"இன்று அரண்மனை மூடியிருக்கிறது, 20 பாட் கொடுத்தால் வேறு கோயில்களைச் சுற்றிக் காட்டுகிறேன்" என்று பாங்காக்கின் பெரிய அரண்மனைக்குப் போகும் வழியில் எவரேனும் அன்பொழுகச் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தச் சுற்று பெரும்பாலும் ரத்தினக் கடையிலோ தையற்கடையிலோ போய்த்தான் நிற்கும், ஓட்டுநருக்கு அங்கே தரகு உண்டு. அரண்மனை வாயில் வரை நடந்து சென்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

கொழும்பில் மீட்டர் பொருத்திய வண்டிகளும் பிக்மீ, ஊபர் செயலிகளும் இருப்பதால் சிரமம் குறைவு. தமிழும் பல இடங்களில் கைகொடுக்கும். சிறிய நோட்டுகளை மட்டும் தனியே வைத்திருங்கள்.