வீரர் கதைப்பாடல்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அச்சில் வந்த ஒரே ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ‘கதை இதுதான்’ என்று முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. முத்துப்பட்டன் கதையைப் பாருங்கள். பட்டன் பிராமணன். அவன் மணக்கும் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை பெற்ற சக்கிலியப் பெண்கள். சில பிரதிகளிலோ அவர்கள் பிராமணக் குழந்தைகளாகப் பிறந்து, பகடை எடுத்து வளர்த்தவர்களாகிவிடுகிறார்கள். மதுரை வீரனையும் சக்கிலியர் வளர்த்த காசி ராஜாவின் பிள்ளை என்று சொல்லும் பிரதிகள் உண்டு. பிறப்பை மாற்றிவிட்டால், சாதியை மீறியதற்காக அவர்கள் கொடுத்த விலைக்கே பொருள் இல்லாமல் போகிறது. குறைந்தது இரண்டு பிரதிகளை எடுத்து, பிறப்பு, திருமணம், சாவு ஆகிய மூன்று இடங்களை மட்டும் ஒப்பிடுங்கள். ஒட்டுப்போட்ட இடம் தானாகத் தெரியும்.

கேரளத்தின் வடமலபார் வீரர் கதைப்பாடல்களான வடக்கன் பாட்டுகளில் வரும் சேகவரைப் படைவீரர் என்று எழுதிவிடுகிறார்கள். படைக்குப் போவதல்ல அவர்கள் தொழில். இரண்டு பேருக்குள் தீராத வழக்கு வந்தால், தரப்புக்கு ஒரு சேகவர் கிழிப்பணம் என்ற கூலியை வாங்கிக்கொண்டு அங்கத்தட்டு என்ற சண்டை மேடையில் ஏறுவார். ஒருவர் விழும்வரை சண்டை. அடுத்தவர் வழக்குக்காகச் சாகிறவர் என்பது தெரியாவிட்டால் ஆரோமல் சேகவரின் முடிவு மனதில் தைக்காது. துணைக்கு வந்த சந்து, ஆரோமலின் சுரிகை என்ற குறுவாளின் இரும்பாணியைக் கழற்றி மர ஆணி அடிக்க வைத்துவிடுகிறான். சண்டை நடுவில் சுரிகை முறிகிறது. முறிந்த துண்டை வீசியே எதிர்த்தரப்புச் சேகவர் அரிங்ஙோடரைக் கொல்கிறார் ஆரோமல். பிறகு அயர்ந்து சந்துவின் மடியில் சாய்ந்தவரை அவனே குத்துவிளக்கின் தண்டால் குத்தி முடிக்கிறான்.

தேசிங்கு ராஜன் கதையை மதச் சண்டையாகப் படிப்பதும் தவறு. 1714இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து அவன் செஞ்சியில் மடிந்தது வரலாறு. பாட்டிலோ அவனுக்காக உயிரைக் கொடுக்கும் தோழன் மோவுத்துக்காரன் ஒரு முஸ்லிம். அந்த நட்புக்குப் பாட்டில் எவ்வளவு இடம் என்று பாருங்கள்.

பாட்டைச் சடங்கிலிருந்து பிரித்துப் படிக்கவும் கூடாது. அண்ணன்மார் கதையைப் புத்தகத்தில் படிப்பவருக்குப் பொன்னரும் சங்கரும் மாண்டதோடு கதை முடிந்தது போலிருக்கும். உடுக்கை அடித்துக் கதை பாடும் படுகளச் சடங்கில், வீரர்களாக அருள் வந்து பிணம்போல் விழுந்து கிடப்பவர்கள், அவர்கள் தங்கை தங்காள் தண்ணீர் தெளித்ததும் எழுகிறார்கள்.