மாநிலங்களவையில் சறுக்கும் இடங்கள்: புது எம்.பி.க்களுக்கும் அவர்களின் உதவியாளர்களுக்கும்

காலை 11 மணி. ஆவணங்களை மேசையில் வைக்கும் சடங்கு முடிந்ததும் நேரமில்லா நேரம் (ஜீரோ அவர்): உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரம். உங்கள் பெயர் அழைக்கப்படுகிறது. எழுந்து அவைத் தலைவருக்கு ஒரு வணக்கம், இங்கே அனுப்பி வைத்த கட்சித் தலைமைக்கு அடைமொழிகளோடு ஒரு நன்றி. முக்கால் நிமிடம் போயிற்று. அப்புறம் பிரச்சினையின் பூர்வோத்திரம். கடைசியில் "ஆகவே ஒன்றிய அரசை நான் கேட்டுக்கொள்வது..." என்று வாயெடுக்கும்போது மைக் அணைந்துவிடுகிறது. மூன்று நிமிடம் ஆனால் தானாக அணையும். யாரும் வேண்டுமென்றே செய்வதல்ல. அதற்குப் பிறகு தொண்டை கிழியக் கத்தினாலும் அவைக் குறிப்பில் ஏறாது. அதாவது நன்றி பதிவாகும், கோரிக்கை பதிவாகாது.

மேடையில் கடைசி வரியில் கைதட்டல் வாங்கிப் பழகிய நம்மூர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். கோரிக்கையை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். எந்த ஊர், எந்தத் துறை, என்ன வேண்டும், அவ்வளவுதான். காரணங்களை அப்புறம் அடுக்கலாம். தமிழில் பேசப்போகிறீர்கள் என்றால் மாநிலங்களவைச் செயலகத்துக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்து, பேச்சின் நகல் ஒன்றை மொழிபெயர்ப்பாளருக்கும் தந்துவிடுங்கள். அமைச்சர் காதில் விழுவது உங்கள் குரல் அல்ல, மொழிபெயர்ப்பாளரின் குரல். நீங்கள் அடுக்குமொழியில் பாய்ந்தால் பாதி அங்கேயே உதிர்ந்துவிடும்.

அடுத்தது செய்தித்தாள்களும் சேர்ந்து செய்யும் தவறு. "மாநிலங்களவையில் ஒத்திவைப்புத் தீர்மான நோட்டீஸ்" என்று அடிக்கடி படிக்கிறோம். அப்படி ஒன்று மாநிலங்களவையில் கிடையவே கிடையாது. ஒத்திவைப்புத் தீர்மானம் என்பது அரசைக் கண்டிக்கும் கருவி. அமைச்சரவை பதில் சொல்லக் கடமைப்பட்டது மக்களவைக்கு மட்டுமே என்கிறது அரசமைப்பின் 75ஆவது பிரிவு. எனவே அது அங்கே மட்டும்தான். இங்கே இருப்பது விதி 267. ஏதாவது ஒரு விதியை அன்றைக்கு மட்டும் நிறுத்திவைக்கக் கோருவது. அதுவும் அன்றைய அலுவல் பட்டியலில் உள்ள விஷயம் தொடர்பாக இருக்க வேண்டும், அவைத் தலைவரின் சம்மதமும் வேண்டும். 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு விவாதத்துக்கு அது ஏற்கப்பட்டது. அதன் பிறகு வந்த நோட்டீஸ்கள் வரிசையாக நிராகரிக்கப்பட்டே வருகின்றன. வெளியே வந்து "நோட்டீஸ் கொடுத்தோம், மறுத்துவிட்டார்கள்" என்று பேட்டி கொடுக்க அது உதவும். நிஜமாகவே விவாதம் வேண்டும் என்றால் விதி 176 இருக்கிறது: குறுகிய கால விவாதம், இரண்டரை மணி நேரம் வரை, வாக்கெடுப்பு இல்லை. கவன ஈர்ப்பும் இருக்கிறது: அவசர விஷயம் ஒன்றில் அமைச்சரின் அறிக்கையைக் கேட்பது. கவர்ச்சி குறைவுதான், ஆனால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி நேரம் 2014 முதல் இங்கே பகல் 12 மணிக்கு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள், அதாவது அவையில் அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்பவை, நாளுக்கு 15. ஒரு மணி நேரத்தில் பாதியைத் தாண்டினாலே பெரிது. குலுக்கலில் பெயர் வந்து, வரிசையிலும் மேலே இருந்து, துணைக் கேள்வி கேட்க எழும் உறுப்பினர் அந்த அரிய வாய்ப்பை எப்படி வீணாக்குகிறார் தெரியுமா? இரண்டு நிமிடம் முன்னுரை சொல்லிவிட்டு, "இதை அரசு பரிசீலிக்குமா?" என்று முடிப்பார். "பரிசீலிக்கும்" என்று அமைச்சர் உட்கார்ந்துவிடுவார். கதை முடிந்தது. அதற்குப் பதிலாக, எழுத்துப்பூர்வ பதிலைக் காலையிலேயே படித்து, அதில் எந்த எண்ணைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். "ஒதுக்கியது எவ்வளவு என்று சொல்லியிருக்கிறீர்கள், அதில் செலவழித்தது எவ்வளவு?" ஒரே வரி. அமைச்சர் பின்னால் திரும்பி அதிகாரிகள் பக்கம் பார்ப்பார். கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

மசோதா நாட்களில் நடக்கும் தவறுகள்தான் விலை கூடியவை. திருத்தங்களுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு, பேச்சு முடிந்ததும் காபி குடிக்கப் போய்விடுவார்கள். பிரிவு பிரிவாக எடுக்கும்போது பெயரைக் கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால் திருத்தம் முன்மொழியப்படாமலே போய்விடும். ராத்திரி கண்விழித்துத் திருத்தம் எழுதிய உதவியாளரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். குரல் வாக்கெடுப்பும் அப்படித்தான். "ஆம் என்போருக்கே வெற்றி" என்று அவைத் தலைவர் சொல்லும் அந்தச் சில வினாடிகளுக்குள், உங்கள் இருக்கையிலிருந்து டிவிஷன், அதாவது வாக்குகளை எண்ணும் வாக்கெடுப்பு, கேட்க வேண்டும். 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்களின்போது வெடித்த சண்டையே இதைச் சுற்றித்தான். டிவிஷன் கேட்டவர்கள் இருக்கையில் இல்லை என்றது அவை நடத்திய தரப்பு. இருந்துதான் கேட்டோம் என்றது எதிர்க்கட்சி. மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம். யார் சொன்னது சரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இருக்கையை விட்டு, அவைத் தலைவருக்கு முன்னால் உள்ள மையப்பகுதிக்கு இறங்கிவிட்டால், அந்த வாதத்தை எதிர்த்தரப்புக்கு நாமே எடுத்துக் கொடுத்ததாக ஆகிவிடும்.

ஒழுங்குப் பிரச்சினை (பாயின்ட் ஆஃப் ஆர்டர்) எழுப்புவதிலும் ஒரு சின்ன விஷயம். எதிர்த்தரப்பு சொன்னது பொய் என்பது ஒழுங்குப் பிரச்சினை ஆகாது. எந்த விதி மீறப்பட்டது என்று எண்ணோடு சொல்ல முடிந்தால் மட்டும் எழுந்திருங்கள். "எந்த விதி?" என்று அவைத் தலைவர் கேட்டதும் புத்தகத்தைப் புரட்டுவதைப் போல் பரிதாபமான காட்சி வேறு இல்லை. இன்னொரு உறுப்பினர் மீது குற்றச்சாட்டு சொல்லப்போகிறீர்களா? விதி 238ஏ படி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால், உங்கள் பேச்சிலேயே சூடான பகுதிதான் குறிப்பிலிருந்து நீக்கப்படும்.

கடைசியாக, வெள்ளிக்கிழமை. பிற்பகலில் தனிநபர் அலுவல், அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் மசோதாக்களும் தீர்மானங்களும். அரசு அலுவல் இல்லை என்றதும் பாதிப் பேர் விமான நிலையத்தில் இருப்பார்கள். குறைந்தபட்சம் 25 பேர் இருந்தால்தான் அவை நடக்கும். எண்ணச் சொல்லி யாராவது எழுந்தால் மணி அடிக்கத் தொடங்கிவிடும். திருநங்கை, திருநம்பியரின் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். திரும்பப் பெறும்படி அமைச்சர் கேட்டுக்கொண்டும் அவர் மசியவில்லை. வழக்கமாக உறுப்பினர்கள் அந்த இடத்தில் நன்றி சொல்லித் திரும்பப் பெற்றுவிடுவார்கள். எனவே உங்கள் எம்.பி.க்குச் சென்னை விமானத்துக்கு டிக்கெட் போடுவதற்கு முன், வெள்ளிக்கிழமை அலுவல் பட்டியலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.