மார்பில் தொற்று: பால் கொடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

மார்பு சிவந்து, ஓரிடம் கல்லாக இறுகி, நடுக்கத்தோடு காய்ச்சலும் வந்துவிட்டால், சுற்றியிருப்பவர்கள் முதலில் சொல்வது: "அந்தப் பக்கம் கொடுக்காதே, குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும்." நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு அந்தப் பால் கெடுதல் செய்யாது. சட்டென்று நிறுத்தினால்தான் ஆபத்து. பால் தேங்கி, சீழ்க்கட்டி வரை போகலாம். குறைமாதக் குழந்தை என்றால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சரி, நிறுத்தக்கூடாது என்றதும் சிலர் எதிர்த்திசையில் ஓடுவார்கள். குழந்தை குடித்து முடித்த பிறகும் பம்ப் வைத்து "காலி செய்வது". மார்பு காலியாகும் பாத்திரம் இல்லை. எடுக்க எடுக்க ஊறும், வீக்கமும் தணியாது. குழந்தை கேட்கும்போது கொடுத்தால் போதும். அது வாய் வைக்க மறுத்தால், வழக்கமாகக் குடிக்கும் அளவுக்கு மட்டும் எடுங்கள்.

கட்டியை உடைக்கிறேன் என்று அழுத்திப் பிசைவதுதான், என் பார்வையில், அதிகம் வலி தரும் தவறு. வெந்நீர் ஒத்தடம், அழுத்தமான மசாஜ் என்றுதான் பல காலம் சொல்லி வந்தார்கள். தாய்ப்பால் மருத்துவத்துக்கான சர்வதேச மருத்துவர் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதை மாற்றியது. உள்ளே அடைத்திருப்பது உருண்டையாகத் திரண்ட பால் இல்லை. சுற்றியுள்ள திசு வீங்கி, பால் குழாய்களை நெருக்குகிறது. பிசைந்தால் வீக்கம்தான் கூடும். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் இதமாக இருக்கும். தடவுவதென்றால் அக்குளை நோக்கி, இறகு படுவதுபோல மட்டும்.

பாலில் மாத்திரை கலந்துவிடுமோ என்று வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் இரண்டையும் பால் கொடுக்கும் தாய்மார்கள் சாப்பிடலாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் இப்யூபுரூஃபனுக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தால், காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடாதீர்கள், சொன்ன நாள் வரை போடுங்கள். அந்த நாட்களில் குழந்தைக்கு மலம் கொஞ்சம் இளகிப் போகலாம்.

அப்புறம், குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் பால் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். தொற்றின்போது பாலில் சோடியம் கூடுவதால் லேசாக உப்புக் கரிக்கும். குணமானதும் மாறிவிடும்.

ஒரு நாளில் தணியாவிட்டாலோ, காய்ச்சல் ஏறினாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்கி 48 மணி நேரம் ஆகியும் மாற்றமில்லை என்றால், சீழ் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பார்கள். கட்டி இருந்தால் பெரும்பாலும் ஊசியிலேயே சீழை எடுத்துவிட முடியும். அதற்குப் பிறகும் அந்தப் பக்கமே பால் கொடுக்கலாம்.