பெரியவர்களுக்கு வினாடி வினா வேண்டாம்: தொல்லியல் அருங்காட்சியக நிகழ்ச்சிகளில் நாம் செய்யும் தவறுகள்

பெரியவர்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்று அருங்காட்சியகத்தில் கேட்டால், பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்திருந்ததையே தூசி தட்டி எடுப்பதுதான் வழக்கம். நானும் அதைச் செய்திருக்கிறேன். ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் முப்பது பேரை உட்கார வைத்து வினாடி வினா நடத்தினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதில் தெரியாமல் இல்லை. மருமகனும் பேத்தியும் பக்கத்தில் இருக்கும்போது தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்ற கூச்சம்தான்.

நிகழ்ச்சி முடிந்து கிளம்பும்போது, எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா, நூல் நூற்கும் சுடுமண் தக்களி இருந்த கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டார். "இதைத்தானே நாங்க பள்ளிக்கூடத்துல சுத்தினோம்!" காந்தியின் ஆதாரக் கல்வி நடந்த காலத்தில் பல பள்ளிகளில் தக்களியில் நூல் நூற்பது ஒரு பாடம். எடை கூடினால் நூல் அறும், குறைந்தால் முறுக்கு ஏறாது என்று கையை ஆட்டிக்காட்டினார். சுற்றிலும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். என் வினாடி வினாவில் தக்களியைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது: 'இது எதனால் செய்யப்பட்டது?' வெட்கமாகப் போயிற்று.

மற்ற தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளைப்பவைதான். வருகிறவர் கையிலும் நினைவிலும் என்ன இருக்கிறது என்று கேட்காமலே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

கீழடியையே எடுத்துக்கொள்வோம். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் ஆதன் போன்ற பெயர்கள் தமிழியில், அதாவது தமிழ்-பிராமி எழுத்தில், கீறப்பட்டிருக்கின்றன. இதை வைத்து நடக்கும் நிகழ்ச்சி பெரும்பாலும் 'உங்கள் பெயரைத் தமிழியில் எழுதுங்கள்' என்பதாகவே இருக்கும். எழுதுவார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: பானையில் பெயரை ஏன் எழுத வேண்டும்? எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டிய வீடுகளிலிருந்து வந்தவர்கள் நம் ஆட்கள். சீர்ப் பாத்திரம், கல்யாண வீட்டில் மாறிப்போன தூக்குவாளி என்று கதை வரும். அப்புறம் பானைத் துண்டைக் காட்டி ஆ, த, ன் என்று அவர்களையே எழுத்துக்கூட்டச் சொல்லுங்கள்.

கருப்பு-சிவப்புப் பானையும் அப்படித்தான். உள்ளே ஏன் கருப்பு என்று கேட்டால் "சமைச்ச கரி" என்பார்கள். தப்பு என்று வெட்டிவிடாதீர்கள். அடுப்புக் கரி பானையின் எந்தப் பக்கம் பிடிக்கும் என்று திருப்பிக் கேளுங்கள். விறகடுப்பில் சமைத்தவர் யாராவது "வெளியேதான்" என்று சொல்லி யோசிக்க ஆரம்பிப்பார். கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்பக்கத்துக்கும் விளிம்புக்கும் காற்று போகவில்லை, அங்கே கருத்தது, காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவந்தது என்பதை அப்போது சொன்னால் மறக்காது.

இன்டராக்டிவ் என்றால் டச் ஸ்கிரீன் என்று நினைப்பது அடுத்த தவறு. ஒரு திரையை ஒரே நேரத்தில் ஒருவர்தான் தொட முடியும், அந்த ஒருவர் எப்போதும் பத்து வயதுப் பையன். இதைவிடக் கொஞ்சம் விவகாரமானது மணல் குழி. மணலுக்குள் பொம்மையைப் புதைத்துத் தோண்டச் சொன்னால், தொல்லியல் என்பது புதையல் வேட்டை என்ற எண்ணம்தான் உறுதிப்படும். ஆய்வாளர்கள் உண்மையில் செய்யும் வேலையில் ஒன்றைக் கொடுங்களேன். ஒரு தாளில் ஒரே மையத்தில் சிறிதும் பெரிதுமாக வட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றின் விட்டத்தையும் எழுதுங்கள். புதிதாக வாங்கி உடைத்த பானையின் விளிம்புத் துண்டை அதில் பொருத்தச் சொல்லுங்கள். வளைவு எந்த வட்டத்தோடு ஒட்டிப்போகிறதோ அதுதான் பானை வாயின் அளவு. கைகழுவவா, தண்ணீர் வைக்கவா, நெல் கொட்டவா என்ற வாக்குவாதம் தானாகவே வரும். செலவு ஒரு பானையும் நாலு ஜெராக்ஸும்தான். ஆனால் துண்டு புதியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் ஏமாற்றிய மாதிரி ஆகிவிடும்.

பெரியவர்கள் நாளிதழ் படித்துவிட்டு வருகிறார்கள். "கீழடி கி.மு. 580 என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று சொல்லி நகர்ந்தால், கட்சி கட்டுவதற்குத்தான் இடம் கொடுக்கிறோம். சுடுமண்ணில் கார்பன் தேதி பார்ப்பதில்லை, அதே மண் அடுக்கில் கிடைத்த கரியில் பார்க்கிறார்கள் என்று விளக்குங்கள். கீழடியில் அந்தத் தேதியைத் தந்த மாதிரி 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்டது. அப்படியானால் கரியும் பானையும் ஒரே காலம் என்பதற்கு என்ன உறுதி? எலி வளை தோண்டி மேல்மண்ணைக் கீழே தள்ளியிருந்தால்? இந்தச் சந்தேகத்தையே ஒரு படமாக வரைந்து கையில் கொடுத்துவிட்டால், அரைமணி நேரம் போவது தெரியாது.

உடம்பை மறப்பது பழைய தவறு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்த பெஞ்சமின் கில்மன், காட்சிப் பொருளைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று படம் எடுத்து 1916லேயே எழுதிவிட்டார். நாம் இன்னும் முட்டிவலிக்காரர்களை ஒன்றரை மணி நேரம் நிற்க வைக்கிறோம். நாற்காலி போடுங்கள். எழுத்தைப் பெரிதாக அச்சடியுங்கள். இருபது நிமிடத்தில் விட்டுவிடுங்கள், வேண்டியவர் இருந்து பேசட்டும்.

கடைசியில் நீட்டும் கருத்துப் படிவத்தில் எல்லாரும் 'மிக நன்று' என்றுதான் எழுதுவார்கள். அதற்குப் பதில் வாசலில் நின்று, வெளியே போகும்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். என் வினாடி வினா நாளில் அப்படி நின்றபோது என் காதில் விழுந்தது, "காபி எங்கே கிடைக்கும்?"