சைட்டில் வெளியாட்களை இறக்கும்போது: வெல்டர், ஃபிட்டர்களின் வேலைநிறுத்தம் சட்டப்படி செல்லுபடியாக

ராணிப்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் பக்கம் ஆலை கட்டும் சைட்டுகளில், துணை ஒப்பந்தக்காரர் தன் ஆட்களை மொத்தமாகக் கொண்டுவந்து இறக்குவதும், உள்ளூர் 6ஜி வெல்டரும் (சாய்வுக் குழாய் வெல்டிங் தேர்வில் தேறியவர்) ரிக்கரும் (கனமான சுமையைக் கட்டித் தூக்குபவர்) கேட்டுக்கு வெளியே நிற்பதும் உண்டு. அந்தக் கோபத்தில் அன்றைக்கே வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தால் ஒப்பந்தக்காரருக்குத்தான் லாபம்.

முதலில் கோரிக்கையைச் சரியாக எழுதுங்கள். 'வடநாட்டுக்காரர்களை அனுப்பு' என்று எழுதினால் எந்த அதிகாரி முன்னும் நிற்காது. அது நியாயமும் இல்லை. 2009 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தின் லிண்ட்சி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில், இத்தாலிய நிறுவனம் தன் நாட்டு ஆட்களோடு வந்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். தொடக்கத்தில் 'பிரிட்டிஷ் வேலை பிரிட்டிஷாருக்கே' என்ற பதாகைகள்தான் தெரிந்தன. பிறகு போராட்டக் குழு கோரிக்கையைத் திருத்தியது: எல்லோருக்கும் ஒரே தேசிய ஒப்பந்த ஊதியம், வந்தவர்களுக்கும் சங்க உதவி, மொழிபெயர்ப்பாளர் உட்பட. பிப்ரவரி 5இல் முடிந்தபோது உள்நாட்டினருக்கு 102 வேலை கிடைத்தது, இத்தாலியர் யாரும் வேலை இழக்கவில்லை. நம் கோரிக்கையும் அப்படியே இருக்கட்டும்: ஒரே வேலைக்கு ஒரே கூலி, தகுதித் தேர்வில் உள்ளூராருக்கும் இடம்.

அடுத்தது ஆதாரம். ஒப்பந்தக்காரரின் உரிம எண், வந்தவர்களின் தினக்கூலி, ஓவர்டைம் கணக்கு, பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் எல்லாம் வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தால் உரிமம் கட்டாயம். அவர்களிடமே இந்தியிலோ ஒடியாவிலோ பேசிக் கேளுங்கள். கூலிச்சீட்டு அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை நிறுவனம் தரவேண்டும் என்பதையும் சொல்லுங்கள். வந்தவர்கள் வெளிநாட்டவர் என்றால் விசா வகையைப் பாருங்கள். தகுதியுள்ள இந்தியர் கிடைக்கும் சாதாரண வேலைக்கு வேலைவாய்ப்பு விசா தருவதில்லை என்பது விதி.

பெரும்பாலான போராட்டங்கள் சறுக்குவது நோட்டீஸில். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி எல்லாத் தொழிலிலும் முன்னறிவிப்பு கட்டாயம். நோட்டீஸ் கொடுத்த 14 நாளுக்குள் இறங்கக் கூடாது. 60 நாள் கடந்தால் அது செல்லாது. பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: சமரச அதிகாரி (இருதரப்பையும் பேசவைக்கும் தொழிலாளர் துறை அதிகாரி) முதல் கூட்டம் போட்ட நாளிலிருந்து சமரசம் தொடங்கிவிடும், அது நடக்கும்போதும், முடிந்து 7 நாள் வரையும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். 1ஆம் தேதி நோட்டீஸ், 10ஆம் தேதி முதல் கூட்டம், 14 நாள் சமரசம் என்றால் மாதக் கடைசி வரை கை கட்டியிருக்கும். ஆகவே தேதியை அறிவித்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். கணக்குப் போட்டபின் அறிவியுங்கள்.

'எல்லோரும் ஒரே நாளில் லீவு எடுப்போம்' என்ற பழைய வழியும் இப்போது அடைபட்டுவிட்டது. பாதிப் பேர் சேர்ந்து லீவு போட்டாலே அது வேலைநிறுத்தம். சட்டவிரோதம் என்றால் அபராதம் ரூ. 1,000 முதல் 10,000 வரை, அல்லது ஒரு மாதச் சிறை, அல்லது இரண்டும். முன்னறிவிப்பில்லாமல் பத்துப் பேரோ மேலோ சேர்ந்து வராமல் இருந்தால் 8 நாள் கூலி வரை பிடிக்கலாம்.

நோட்டீஸ் பதிவுபெற்ற சங்கத்தின் பெயரில், செயலாளர் கையெழுத்தோடு போகட்டும். சங்கம் இல்லாத சைட்டில் புதிதாகத் தொடங்குவதைவிட, ஏற்கெனவே உள்ள கட்டுமானச் சங்கத்தில் சேருவது வேகம். நிறுவனத்துக்கு ஒரு பிரதி, சமரச அதிகாரிக்கு ஒரு பிரதி, இரண்டுக்கும் பெற்றுக்கொண்ட முத்திரை. தனியார் சைட் என்றால் மாநிலத் தொழிலாளர் துறை. மத்திய பொதுத்துறை ஆலை என்றால் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகம். தவறான அலுவலகத்தில் கொடுத்தால் நாட்கள் வீணாகும்.

வெளியேறும் நாளில் ஆக்சிஜன், அசிட்டிலின் சிலிண்டர் வால்வை மூடி, கிரேனில் தொங்கும் சுமையை இறக்கி, பாதியில் நிற்கும் வெல்டிங் ஜாயின்டைப் பதிவேட்டில் எழுதி ஒப்படையுங்கள். இல்லாவிட்டால் 'நாசவேலை' என்று புகார் வரும். கேட்டை அடைக்காதீர்கள், வந்த தொழிலாளரின் பஸ்ஸைத் தடுக்காதீர்கள். ஒரு கல் விழுந்தால் வழக்கு நம் மேல் திரும்பிவிடும்.

முடிவு வந்தால் இருதரப்புக் கையெழுத்தோடு நிற்காதீர்கள். சமரச அதிகாரி முன் கையெழுத்தானால்தான் அது சைட்டின் எல்லாத் தொழிலாளரையும் கட்டும். வேலைக்கு எத்தனை பேர், எந்தத் தேதியில், எந்தத் தொழிலில், என்ன கூலியில் என்பதை எண்ணில் எழுதுங்கள். போராடியவர்களைப் பழிவாங்கக் கூடாது என்பது தனிப் பிரிவாக வேண்டும்.