பாரிசுக்கு வந்தால் ஆன்ஜேயையும் பாருங்கள்

காரைக்காலிலிருந்து அத்தை, சித்தப்பா வீடு என்று பாரிஸ் போகிறவர்கள் ஈபிள் கோபுரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு நாள் ஆன்ஜே நகருக்கும் போய்வாருங்கள். மோன்பர்னாஸ் நிலையத்தில் டிஜிவி என்ற அதிவேக ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரம், டிக்கெட்டை முன்னாடியே எடுத்தால் மலிவு.

முதலில் கோட்டை. கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் வரிவரியாக அடுக்கிய 17 கோபுரங்கள், 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம். உள்ளே அரையிருட்டுக் கூடத்தில், பைபிளின் திருவெளிப்பாட்டுக் காட்சிகளை 14ஆம் நூற்றாண்டில் நெய்த திரைச்சீலை இன்னமும் சுமார் 100 மீட்டர் நீளத்துக்குத் தொங்குகிறது, கண் பழகவே கொஞ்ச நேரமாகும், பிளாஷ் போடாதீர்கள், அவசரப்பட்டால் வந்ததே வீண்.

அப்புறம் சேன் மோரிஸ் கதீட்ரல், நடக்கிற தூரம்தான். வெயில் இருக்கும்போது போனால்தான் பழைய வண்ணக் கண்ணாடிகள் எடுபடும். வாசல் எதிரே படிக்கட்டில் இறங்கினால் மேன் ஆறு. சைவம் என்றால் புளிசாதம் கட்டிக்கொண்டு போய்விடுங்கள், சரியா?