தாவர எண்ணெய் எபாக்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் பற்றியெல்லாம் யாரும் சொல்வார்கள். கோவை, பொள்ளாச்சிப் பக்கம் தாவர எண்ணெயிலிருந்து எபாக்சி ரெசின் (ஹார்ட்னர் என்ற இறுக்கும் பொருளைச் சேர்த்தால் கெட்டியாகும் பிசின்) செய்யப் புதிதாக இறங்குகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை வேறு.

தேங்காய் எண்ணெயில் தொடங்குவது

காங்கேயத்திலேயே கிடைக்கிறதே என்று ஆசை வரும். ரெசின் இறுக உதவும் எபாக்சி வளையம் (இரண்டு கார்பனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்தது) உண்டாக எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு வேண்டும். அதைக் காட்டும் அயோடின் எண் தேங்காய் எண்ணெய்க்கு 10-ஐ ஒட்டித்தான்; சோயாவுக்கு 120-க்கு மேல், ஆளி விதைக்கு 170-க்கு மேல். தேங்காய் எண்ணெய் இதற்கு ஆகாது.

பெராக்சைடை மொத்தமாக ஊற்றுவது

வளையம் உண்டாக்க எண்ணெயில் அமிலத்தோடு சேர்ப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. மொத்தமாக ஊற்றினால் சூடு கைமீறி ஏறும், கலமே வெடிக்கலாம். சொட்டுச் சொட்டாக, குளிரவைத்துக்கொண்டே.

ஹார்ட்னரைப் பழைய கணக்கில் போடுவது

தென்னை நார்ப் பலகை செய்யும் தம்பி ஒருவர், "ரெண்டு நாளாச்சு, இறுகவே மாட்டேங்குதுங்ணா" என்று கூப்பிட்டார். போய்த் தொட்டால் பலகை விரலில் ஒட்டுகிறது, அச்சைவிட்டு வர மறுக்கிறது. வழக்கமான எபாக்சிக்கு 100 கிராமுக்கு 13 கிராம் டெட்டா (TETA என்ற அமீன் வகை ஹார்ட்னர்) போடுவோம் இல்லையா, சோயா ரெசினுக்கும் அதே 13. இறுகவில்லை என்றதும் அடுத்த அச்சில் 18. இந்த "இன்னுங் கொஞ்சம் ஊத்திப் பார்ப்போம்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ரெசின், நார், அச்சு மூன்றும் பாழ்.

கணக்கைப் பாருங்கள். வழக்கமான ரெசினின் எபாக்சி சமான எடை (ஒரு மோல் எபாக்சி வளையம் உள்ள ரெசினின் கிராம் எடை) சுமார் 190. சோயா ரெசினில் ஆக்சிரேன் ஆக்சிஜன் (எபாக்சி வளையங்களில் உள்ள ஆக்சிஜன்) 7 சதவீதம் என்றால், 1600-ஐ 7-ஆல் வகுக்க, ஏறக்குறைய 229. இந்த எடை கூடினால் ஹார்ட்னர் குறையும்; அதனால் 100 கிராமுக்கு டெட்டா ஏறக்குறைய பத்தரை கிராமே அதிகபட்சம். மிஞ்சும் அமீன் பலகைக்குள் கிடந்து ஈரத்தை இழுக்கும்.

சரி, அளவைத் திருத்தினால் இறுகுமா? இறுகாது. சோயாவில் எபாக்சி வளையங்கள் மூலக்கூறுச் சங்கிலியின் நுனியில் இல்லை, நடுவில் இருக்கின்றன. அறை வெப்பத்தில் அமீன் அங்கே மிக மெதுவாகத்தான் வினைபுரியும். சூடேற்றினால் எண்ணெய் மூலக்கூறைக் கோத்து வைத்திருக்கும் எஸ்டர் பிணைப்பையும் வெட்ட ஆரம்பிக்கும். அமீனுக்குப் பதில் அன்ஹைட்ரைடு வகை ஹார்ட்னர், வினையை வேகப்படுத்தத் துளி இமிடசோல், 120 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் அடுப்பில் (ஓவன்): இதைத்தான் நான் சொல்லிக்கொடுக்கிறேன். அடுப்பு இல்லாதவர்கள் வழக்கமான எபாக்சியில் பத்து, பதினைந்து சதவீதம் மட்டும் சோயா ரெசினைக் கலக்கட்டும். விறைப்பு கொஞ்சம் குறையும். எதுவானாலும் முதலில் ஒரு மூடியளவு ஊற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் அச்சுக்குப் போங்கள்.

அமிலத்தைக் கழுவாமல் விடுவது

மிச்ச அமிலம், செய்த வளையத்தையே திறந்துவிடும். நன்றாகக் கழுவுங்கள்.

ஈர நார்

காயாத நாரை ரெசினில் முக்காதீர்கள்.